பைக்ல ரேடியோவும் இன்டர்காமும்: வாட்ஸ் பாக்கறதுக்கு முன்னாடி காதுப் பக்கம் பாருங்க

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிடுறேன், இடையில படிக்கிறவங்களுக்கும் புரியும். ஆறு பைக், ரெண்டு பைக்ல பின்னாடி ஆள் உக்காந்திருக்காங்க, நீண்ட டூர். எல்லார்கிட்டயும் ஹெல்மெட்ல மாட்டற ப்ளூடூத் இன்டர்காம் இருக்கு ஆனா வேற வேற பிராண்ட், மலைப்பாதையில ரெண்டு வளைவு தாண்டினா கட் ஆயிடுது. அதனால பவர் அதிகமா இருக்கற வாக்கிடாக்கி வகை ரேடியோ ஒண்ணு மாட்டலாமா, இல்ல இன்டர்காமையே மாத்தணுமா, அப்புறம் ஏற்கனவே ட்ரை பண்ணின கைல வச்சிருக்கற வாக்கிடாக்கியை பைக் சார்ஜர்ல போட்டா ஹெல்மெட்டுக்குள்ள கீச்சுனு ஒரு சத்தம், ஆக்சிலரேட்டர் முறுக்கினா அதுவும் கூடவே ஏறுது, அது ஏன்னு கேட்டிருக்கீங்க.

முதல்ல ஒண்ணு தெளிவா இருக்கட்டும், இன்டர்காம் வேற, ரேடியோ வேற, ரெண்டும் பண்ற வேலையே வேற. பின்னாடி உக்காந்திருக்கறவங்க கிட்ட பேசறது, பாட்டு, நேவிகேஷன் குரல், பக்கத்துல வர்ற பைக் கூட அரட்டை, இதெல்லாம் இன்டர்காம் வேலை. அதுல போன்ல பேசற மாதிரி ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசலாம். ரேடியோல ஒருத்தர் பட்டனை அமுக்கி பேசும்போது மத்தவங்க கேட்டுதான் ஆகணும், ஆனா தூரம் போகும். அதனால ஆறு பேருக்கும் ரேடியோ மாட்டணும்னு அவசியமே இல்ல. முன்னாடி வழி காட்டிட்டு போறவர் ஒருத்தர், கடைசியா எல்லாரையும் தள்ளிட்டு வர்றவர் ஒருத்தர், இவங்க ரெண்டு பேர்கிட்ட ரேடியோ இருந்தா போதும், நடுவுல இருக்கறவங்க இன்டர்காம்லயே இருக்கலாம். ஆறு பேருக்கும் மாட்டினா ஆறு வயரிங், ஆறு ஆன்டெனா, ஆறு பேரும் ஒரே நேரத்துல பட்டனை அமுக்குவாங்க, அந்த தலைவலி வேண்டாம்.

இன்டர்காம் ஏன் கட் ஆகுதுன்னா, அது ஓடறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, பவரும் அதிகபட்சம் 100 மில்லிவாட் சுத்துலதான். பெட்டி மேல 1.6 கிலோமீட்டர்னு போட்டிருப்பாங்க, அது ரெண்டு ஹெல்மெட்டுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லாத திறந்த வெளிக்கான கணக்கு. அந்த அலைவரிசையை மனுஷ உடம்பு நல்லா உறிஞ்சும், பாறை, லாரி, மண்மேடு எதையும் தாண்டாது. அதுலயும் பழைய ப்ளூடூத் இன்டர்காம் சங்கிலி மாதிரி கட்டறது, அதாவது முதல் ஆள் ரெண்டாவது ஆளோட, ரெண்டாவது மூணாவதோட, பெரும்பாலான செட்ல நாலு பேர் வரைக்கும். நடுவுல ஒருத்தர் பெட்ரோல் போட நின்னுட்டா அவருக்குப் பின்னாடி இருக்கறவங்க எல்லாரும் போச்சு. மெஷ்னு (வலை மாதிரி) இன்னொரு வகை இருக்கு, அதுல அப்படி இல்ல, ஒவ்வொரு செட்டும் மத்தவங்க பேச்சை வாங்கி அடுத்தவருக்கு அனுப்பும், ஒருத்தர் போனா வேற வழியா தானே இணைஞ்சுக்கும், திரும்ப வந்தா பட்டன் எதுவும் தொடாம சேர்ந்துக்கும். கார்டோ கம்பெனி 2015ல பேக்டாக் மாடல்ல இதைக் கொண்டு வந்தாங்க, இன்னொரு கம்பெனியான சேனா அதுக்கப்புறம் அவங்க பாணியில ஒண்ணு கொண்டு வந்தாங்க. கார்டோ குழுவுல 15 பேர், சேனா குரூப் மெஷ்ல 24 பேர் வரைக்கும்.

இங்கதான் உங்க பிரச்சனை. ஒரு பிராண்ட் மெஷ் இன்னொரு பிராண்ட் மெஷ்ஷோட பேசாது. ப்ளூடூத் வழியா ஒட்ட வைக்கலாம், அதுல நடக்கறது என்னன்னா ஒரு செட் இன்னொண்ணை போன்னு நினைச்சு இணையுது (பேரிங்), அதனால போனுக்கான ஒரு இடம் அதுக்குப் போயிடும், குரலும் போன் கால் தரத்துக்கு இறங்கிடும். ஆறு பேர்ல நாலு பேர் ஒரு பிராண்ட்னா மிச்சம் ரெண்டு பேரும் அதுக்கே மாறிடறதுதான் நிம்மதி, இல்லன்னா டூர் பூரா காலையில கிளம்பும்போது அரை மணி நேரம் பேரிங் பண்ணிட்டு நிப்பீங்க. மாறினதுக்கு அப்புறமும் கிளம்பறதுக்கு முந்தின வாரமே எல்லா செட்லயும் ஒரே ஃபர்ம்வேர் (செட்டுக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர்) இருக்கான்னு பாத்துக்குங்க. இன்னொரு விஷயம், மெஷ்ஷா இருந்தாலும் மலையில சீரா இடைவெளி விட்டு போனாதான் வேலை செய்யும், அஞ்சு பேர் முன்னாடி கூட்டமா போய் ஒருத்தர் மட்டும் பின்னாடி தனியா வந்தா அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவுல யாருமே இல்ல, மெஷ் யார் வழியா அனுப்பும்?

இப்ப ரேடியோ. எந்த அலைவரிசைன்னு நீங்க முடிவு பண்ண முடியாது, நீங்க ஓட்டப்போற நாடுதான் முடிவு பண்ணும். ஐரோப்பால பிஎம்ஆர்446ங்கற பொது வாக்கிடாக்கி பட்டை, அதாவது 446.0ல இருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ், அரை வாட், லைசென்ஸ் வேண்டாம். இந்தியாலயும் அதே பட்டை லைசென்ஸ் இல்லாம திறந்திருக்கு, ஆனா வாங்குற செட் அங்கீகாரம் பெற்றதா இருக்கணும். அமெரிக்கால 462, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல லைசென்ஸ் வேண்டாத எஃப்ஆர்எஸ், சேனலைப் பொறுத்து அரை வாட் இல்ல 2 வாட், அதே இடத்துல லைசென்ஸ் எடுத்தா ஜிஎம்ஆர்எஸ், சில சேனல்ல 50 வாட் வரைக்கும் போகலாம், பேச்சை வாங்கி திரும்ப அனுப்பி தூரத்தைக் கூட்டற ரிப்பீட்டரும் உண்டு. ஆஸ்திரேலியால 477 மெகாஹெர்ட்ஸ்ல பொதுமக்களுக்குன்னு விட்ட யுஎச்எஃப் சிபி, 5 வாட், 80 சேனல், நெடுஞ்சாலை லாரிக்காரங்க 40வது சேனல்ல இருப்பாங்க, 5ம் 35ம் அவசரத்துக்கு மட்டும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் சிபியும் பல நாட்டுல இருக்கு, பெரிய டூரிங் பைக்ல கம்பெனியே மாட்டிக் கொடுத்த காலம் உண்டு. எல்லை தாண்டி போறீங்கன்னா இது ரொம்ப முக்கியம், ஒரு நாட்டுல சும்மா பேசற செட் அடுத்த நாட்டுல வேற யாருக்கோ ஒதுக்கின அலைவரிசைல பேசும். ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் வச்சிருக்கறவங்க கதை தனி, அதுல ரெண்டு பேருமே பரீட்சை எழுதியிருக்கணும்.

இதுல பல பேர் தெரியாம மாட்டிக்கறது என்னன்னா பிஎம்ஆர்446லயும் எஃப்ஆர்எஸ்லயும் வெளி ஆன்டெனா மாட்ட அனுமதி கிடையாது, செட்டோட ஒட்டி வந்த ஆன்டெனாவோடதான் பேசணும். அப்ப "பைக் பின்னாடி நீளமா ஒரு ஆன்டெனா வச்சா தூரம் போகும்ல"ங்கற கணக்கு அங்கயே முடிஞ்சுது. அந்த மாதிரி செட்டை எங்க வைக்கறோம்ங்கறதுல தான் விஷயம் இருக்கு. ஜாக்கெட் உள் பாக்கெட்ல போட்டா உடம்பே பாதியை முழுங்கிடும், டேங்க் பேக்ல போட்டா டேங்க் இரும்புக்கும் உங்க வயித்துக்கும் நடுவுல கிடக்கும். முதுகுப்பை தோள் பட்டையில, ஆன்டெனா நேரா மேல பாக்கற மாதிரி கட்டுங்க, அரை வாட்டுலயே வித்தியாசம் காதுல தெரியும். பவரை ரெண்டு மடங்கு ஆக்கினாலும் கிடைக்கறது வெறும் 3 டெசிபெல்தான், வச்ச இடம் தப்பா இருந்தா அதைவிட அதிகமா போயிடும்.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி காது. வாட்ஸ், கிலோமீட்டர்னு பேசற பாதி பேருக்கு உண்மையான பிரச்சனை சிக்னல் வராம இருக்கறது இல்ல, வர்ற சிக்னல் காதுல விழாம இருக்கறது. 100 கிலோமீட்டர் வேகத்துல ஹெல்மெட்டுக்குள்ள காத்து சத்தம் மட்டுமே 90 டெசிபெல்லைத் தாண்டிடும், அதுக்கு மேல பேச்சு கேக்கணும்னா ஸ்பீக்கர் காது துளைக்கு நேரா இருக்கணும். ஒரு சென்டிமீட்டர் முன்னாடியோ கீழயோ நகந்தா பேச்சு மங்கிடும், வால்யூம் ஏத்தி ஏத்தி கடைசில தலைவலிதான் மிஞ்சும். எங்க ஒட்டணும்னு கண்டுபிடிக்க இப்படி பண்ணுங்க: ஹெல்மெட் போட்டு பட்டியைக் கட்டிட்டு, கன்னத்துப் பஞ்சுக்கும் காதுக்கும் நடுவுல விரலை விட்டு காது துளை இருக்கற இடத்துல பஞ்சு மேல சாக்பீஸ் தடவின விரலால ஒரு பொட்டு வச்சுட்டு கழட்டிப் பாருங்க. ஹெல்மெட்ல காதுக்குன்னு விட்டிருக்கற குழியும் அந்த பொட்டும் பெரும்பாலும் ஒண்ணா இருக்காது. ஸ்பீக்கர் பொட்டு மேல வரணும், குழி நடுவுல இல்ல. குழி ஆழமா இருந்தா கூடவே வர்ற பஞ்சு வட்டத்தை பின்னாடி வச்சு ஸ்பீக்கரை காதுப் பக்கம் தள்ளுங்க, காதைத் தொடணும் அமுக்கக் கூடாது. குழி போதலைன்னு உள்ளே இருக்கற தெர்மோகோல் மாதிரியான பகுதியை மட்டும் செதுக்கிடாதீங்க, அடி பட்டா தலையைக் காப்பாத்தறது அதுதான்.

காதுக்குள்ள இயர்ப்ளக் வச்சுக்குங்க. கேக்க தலைகீழா இருக்கும், ஆனா இயர்ப்ளக் காத்து இரைச்சலையும் பேச்சையும் சேர்த்துதான் குறைக்கும், அப்புறம் வால்யூமைக் கொஞ்சம் ஏத்தினா பேச்சு முன்ன விட தெளிவா இருக்கும், காதும் தப்பிக்கும். இயர்போனை நேரா காதுல சொருகிக்கலாமான்னு கேட்டா, சில நாட்டுல அதுக்கு தடை இருக்கு, ஃபிரான்ஸ்ல 2015ல இருந்து காதுல சொருகற எதுவும் கூடாது, ஹெல்மெட்டுக்குள்ள மாட்டினதுக்கு தடை இல்ல.

மைக் விஷயம் இன்னும் மோசம், ஏன்னா அது சரியில்லைன்னா உங்களுக்குத் தெரியாது, மத்தவங்கதான் கஷ்டப்படுவாங்க. முழு முக ஹெல்மெட்டுக்கு தாடைப் பகுதில ஒட்டற வயர் மைக், மேல தூக்கற ஹெல்மெட்டுக்கும் திறந்த ஹெல்மெட்டுக்கும் தண்டு மைக். எதுவா இருந்தாலும் மைக் மேல இருக்கற பஞ்சு உதட்டை உரசற அளவுக்கு கிட்ட இருக்கணும், வாய்க்கு நேரா. பல மைக்ல ஒரு பக்கம்தான் வாயைப் பாக்கணும்னு அம்புக்குறியோ புள்ளியோ இருக்கும், இரைச்சலை கழிக்கற மைக் அது, திருப்பி மாட்டினா உங்க குரலைக் கழிச்சுட்டு காத்தை அனுப்பும். பஞ்சு தொலைஞ்சு போச்சுன்னா புதுசு போடற வரைக்கும் பேசாம இருக்கறது நல்லது. தாடைக்கு கீழ இருந்து காத்து மேல ஏறற ஹெல்மெட்டா இருந்தா அடியில ஒரு துணி திரை மாட்டினாலே பாதி சத்தம் போயிடும்.

ஹெட்செட்டை ரேடியோவோட சேக்க ரெண்டு வழி. ஒண்ணு வயர், ரேடியோவோட ரெண்டு முள் சாக்கெட்ல, அதாவது ஒரு 2.5 மில்லிமீட்டர் ஒரு 3.5 மில்லிமீட்டர், கென்வுட் வகைனு சொல்லுவாங்க, பாஃபெங் யுவி5ஆர் மாதிரி செட் பலதுல இதுதான். மலிவு, தாமதம் கிடையாது, ஆனா ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் வயரைக் கழட்டணும், மறந்துட்டு இறங்கினா கழுத்து இழுக்கும், அதனால நடுவுல இழுத்தா தானே கழண்டு வர்ற இணைப்பு ஒண்ணு போட்டுக்குங்க. ரெண்டாவது, ரேடியோவை ப்ளூடூத்தா மாத்தற அடாப்டர், சேனா எஸ்ஆர்10 மாதிரி. வயர் தொல்லை இல்ல, இன்டர்காம்லயே ரேடியோவும் கேக்கும். ஆனா ப்ளூடூத்ல குரல் இணைப்பு திறக்க ஒரு நொடி கிட்ட ஆகலாம், பட்டனை அமுக்கின உடனே பேசினா முதல் வார்த்தை போயிடும். "நில்லுங்க, பள்ளம் இருக்கு"ன்னு நீங்க சொன்னா அங்க "பள்ளம் இருக்கு"ன்னு மட்டும் கேக்கும். அமுக்கிட்டு ஒரு மூச்சு விட்டு பேசிப் பழகுங்க, இல்ல முதல்ல பேரைச் சொல்லுங்க, போனாலும் பேர்தான் போகும். ரேடியோவுல துணை டோன், அதாவது பேச்சோட சேர்த்து அனுப்பற காதுல விழாத தாழ்ந்த ஒலி, வச்சிருந்தாலும் இதே மாதிரி ஆரம்பம் கொஞ்சம் வெட்டும். அந்த டோனை சில பேர் ரகசிய கோட்னு நினைச்சுக்கறாங்க, ரகசியம் ஒண்ணும் இல்ல, மத்தவங்க பேச்சு உங்க காதுல விழாம தடுக்கும், நீங்க பேசறதை அந்த சேனல்ல இருக்கற யாரும் கேக்கலாம்.

பட்டன் இல்லாம குரல் கேட்டா தானா பேச ஆரம்பிக்கற விஓஎக்ஸ் பைக்குக்கு ஆகவே ஆகாது. வேகம் ஏறினா காத்தையே குரல்னு நினைச்சு சேனலைப் பிடிச்சு வச்சுக்கும், மத்தவங்க யாரும் பேச முடியாது. இடது ஹாண்டில்ல, கட்டை விரல் எட்டற இடத்துல, கிளவுஸ் போட்டாலும் அமுக்கினது தெரியற மாதிரி தனி பட்டன் மாட்டுங்க. ஹாரன் பட்டன் பக்கத்துல வேண்டாம், காரணம் சொல்லத் தேவையில்லை.

சரி, அந்த கீச்சு. இன்ஜின் சுத்து ஏற ஏற சத்தமும் ஏறினா அது பைக்ல கரண்ட் தயாரிக்கற ஆல்டர்னேட்டரோட இரைச்சல், உங்க விஷயத்துல கிரவுண்ட் லூப்பா இருக்க நிறைய வாய்ப்பு. ரேடியோவோட கிரவுண்ட், அதாவது நெகட்டிவ் வயர், சார்ஜர் வழியா பைக் சட்டத்துக்குப் போகுது, ஹெட்செட்டோ நேவிகேஷனோ இன்னொரு சார்ஜர்ல இருந்தா அதோட கிரவுண்டும் வேற இடத்துல சட்டத்துக்குப் போகுது, ரெண்டையும் ஆடியோ வயர் இணைக்குது. இப்ப ஒரு வட்டம் ஆயிடுச்சு, சட்டத்துல ரெண்டு இடத்துக்கும் நடுவுல இருக்கற சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஆடியோ வயர்லயே ஓடுது, அதைத்தான் கேக்கறீங்க. சோதிக்கறது சுலபம், ரேடியோவை சார்ஜர்ல இருந்து பிடுங்கிட்டு அதோட சொந்த பேட்டரில ஓட்டுங்க, சத்தம் நின்னா பெரும்பாலும் லூப்தான். எல்லாத்துக்கும் பவரையும் கிரவுண்டையும் ஒரே இடத்துல இருந்து எடுங்க, அப்பவும் இருந்தா ஆடியோ வயர் நடுவுல ஒரு கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடுங்க, உள்ள சின்ன டிரான்ஸ்ஃபார்மர்தான் இருக்கும், குரல் போகும், கரண்ட் வட்டம் அறுந்துடும். ப்ளூடூத் அடாப்டர் போட்டவங்களுக்கு இந்த தொல்லை குறையறதும் இதனாலதான், ஹெல்மெட்டுக்கு வயரே போகலை.

எல்லா இரைச்சலும் இதே இல்ல. டிக்டிக்னு சுத்தோட சேந்து வந்தா ஸ்பார்க் பிளக் பக்கம் பாருங்க, ரெசிஸ்டர் உள்ள பிளக்கா இருக்கணும். இன்ஜினை நிறுத்தி சாவி மட்டும் போட்டிருக்கும்போதும் ஒரே சீரா உஸ்னு இருந்தாலோ, யாரும் பேசாம ரேடியோ தானே திறந்துக்கிட்டாலோ, அது யுஎஸ்பி சார்ஜர் இல்லன்னா கூடுதலா மாட்டின எல்இடி லைட்டு. அந்த சத்தம் ஆன்டெனா வழியாவே உள்ள வரும், ஐசொலேட்டர் ஒண்ணும் பண்ணாது. ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க, குற்றவாளி கிடைச்சதும் அதோட வயரை இரைச்சலைத் தடுக்கற ஃபெரைட் வளையத்துல நாலஞ்சு சுத்து சுத்துங்க, மசியலைன்னா நல்ல சார்ஜரா மாத்திடுங்க.

நிரந்தரமா செட் மாட்டறவங்களுக்கு: 5 வாட் செட் பேசும்போது 2 ஆம்பியருக்குள்ளதான் இழுக்கும், 25 வாட் மொபைல் செட் 5, 6 ஆம்பியர் வரைக்கும் போகும். பேட்டரில இருந்து நேரா தனி வயர், ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள, செட் பக்கத்துல இல்ல, ஏன்னா நடுவுல வயர் உரசி ஷார்ட் ஆனா அதைக் காப்பாத்தறதுக்குத்தான் ஃபியூஸ். சாவி அணைச்சா கரண்ட் போற மாதிரி ஒரு ரிலே, இல்லன்னா ரெண்டு நாள் நிறுத்தி வச்சா பைக் ஸ்டார்ட் ஆகாது.

ஆன்டெனாவுக்கு ஒரு கணக்கு போதும், 75ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா கால் அலை நீளம் மீட்டர்ல வரும். 477க்கு 16 சென்டிமீட்டர் கூட இல்ல, 145க்கு அரை மீட்டர், 27க்கு 2.8 மீட்டர் கிட்ட. சிபி ஆன்டெனா பைக்ல ஏன் எப்பவும் சுமாரா வேலை செய்யுதுன்னு இப்ப புரியும், 2.8 மீட்டரை சுருட்டி ஒரு மீட்டர் சொச்சத்துல அடைக்கறாங்க. கால் அலை ஆன்டெனாவுக்கு அடியில உலோகத் தட்டும் வேணும், காருக்கு கூரை இருக்கு, பைக்குக்கு இல்ல. யுஎச்எஃப்ல இது பெரிய விஷயம் இல்ல, அலுமினிய பின் பெட்டி மூடியே போதும், ஆனா காந்த அடி ஆன்டெனா அலுமினியத்துல ஒட்டாது, துளை போட்டு மாட்டணும். பெட்டி பிளாஸ்டிக்னா மூடிக்கு உள்பக்கம் அலுமினியத் தகடு ஒட்டுங்க, இல்ல தட்டே தேவைப்படாத அரை அலை ஆன்டெனா வாங்குங்க. மாட்டினதும் எஸ்டபிள்யூஆர், அதாவது ஆன்டெனாவுக்கு அனுப்பின பவர் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டற அளவு, பாக்காம பேசாதீங்க, 1.5க்கு கீழ நல்லது, 2 வரைக்கும் ஓடும், 3னா செட் சூடாகி போயிடும். ஆன்டெனாவை அளக்கற சின்ன நானோ விஎன்ஏ கருவி இருந்தா அஞ்சு நிமிஷ வேலை, நீங்க பைக் மேல உக்காந்திருக்கும்போது அளங்க, வெறும் பைக்கை அளந்தா எண்ணே வேற. பின்னாடி ஆள் இருந்தா ஆன்டெனா அவங்க தலைக்கு நேர் பின்னாடி வராம பாத்துக்குங்க, 5 வாட்டுக்கு மேல போற செட்டுக்கு இது கட்டாயம்.

அதனால உங்க ஆறு பேருக்கு நான் சொல்றது: முதல்ல ஆறு ஹெல்மெட்லயும் ஸ்பீக்கர், மைக் இடத்தை சரி பண்ணுங்க, காசே ஆகாது. அடுத்து எல்லாரும் ஒரே மெஷ்ஷுக்கு வாங்க. அதுக்கப்புறமும் மலையில முன்னும் பின்னும் தொடர்பு வேணும்னா ரெண்டு ரேடியோ. மலையே நடுவுல நின்னா எந்த வாட்டும் காப்பாத்தாது, யுஎச்எஃப் பாறைக்குள்ள போகாது, அதுக்கு அடுத்த கூட்டு ரோட்டுல நின்னு கடைசி ஆள் வர்ற வரைக்கும் காத்திருக்கறதுன்னு முன்னாடியே பேசி வச்சுக்குங்க. எல்லாம் மாட்டினதும் முதல்ல இன்ஜின் அணைச்சு, அப்புறம் ஓட விட்டு நிறுத்தி வச்சு, அப்புறம் 40ல, 80ல, 100லனு தனித்தனியா பேசிப் பாருங்க. எந்த கட்டத்துல கெடுதுங்கறதுல இருந்தே வயரிங்கா காத்தான்னு தெரிஞ்சுடும்.

பேட்டரில ஓட்டியும் கீச்சு நிக்கலைன்னா செட் மாடல் என்ன, சார்ஜருக்கு பைக்ல எங்கிருந்து கரண்ட் எடுத்திருக்கீங்க, ஹெட்செட் வயர்லயா ப்ளூடூத்லயா, இந்த மூணையும் எழுதுங்க, பாக்கலாம்.